நெடுமட்டத்துக் குளிரும் நினைவஞ்சலிப் பக்கமும்

எங்க நெடுமட்டத்துல குளிர் வானத்துல இருந்து இறங்காது, பள்ளத்துல இருந்து ஏறி வரும். வெளியூர்க்காரங்ககிட்டச் சொன்னா சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும், தை மாசம் ஒருநாள் விடியக்காலையில வண்டியை எடுத்துக்கிட்டு எஸ்டேட் ரோட்டுல இறங்கிப் பார்த்தா அவங்களுக்கே தெரியும். தேயிலைக்குக் கீழ இருக்கிற சதுப்புல உப்பைக் கொட்டி வச்ச மாதிரி உறைபனி படுத்துக் கிடக்கும், வண்டிச் சத்தம் கேட்டதும் எந்திரிச்சு வந்து முதல்ல விரல் நுனியைத் தொடும், அப்புறம் முட்டியில ஏறி உக்காரும், அப்புறம் ஜெர்கின் ஜிப்போட பல்லுச் சந்துல புகுந்து மெதுவா நெஞ்சுக்கு வந்து சேரும். கை விறைச்சா வண்டியை நிறுத்தி என்ஜின் மேல வச்சுச் சூடு காட்டிக்கலாம். நெஞ்சு விறைச்சா ஒண்ணும் பண்ண முடியாது, வளைவு எது பள்ளம் எதுன்னே புரியாமப் போயிடும்.

அதனால எங்க ஊர்ல வண்டி ஓட்டுறவங்க அத்தனை பேரும் பேப்பர் வைப்பாங்க. கம்பளி ஸ்வெட்டர் காத்தை உள்ள விட்டுரும், அதனால ஸ்வெட்டருக்கும் ஜெர்கினுக்கும் நடுவுல நியூஸ் பேப்பரை நாலா மடிச்சு நெஞ்சோட ஒட்டி வச்சு ஜிப்பை இழுத்து விட்டா, எவ்வளவு காத்து அடிச்சாலும் பேப்பரைத் தாண்டி வராது. ஒருநாள் பழசா இருக்கணும், புதுசுன்னா மை துணியில ஒட்டிக்கும். பஸ் ஸ்டாண்டுல பேப்பர் கடை வச்சிருக்கிறது நான்தான், பேரு செலின். எங்கப்பா ஏஜென்ட்டா இருந்தாரு, அவர் போனதுக்கப்புறம் நான். விடியறப்போ ஒவ்வொருத்தனா கடை முன்னாடி வண்டியை நிறுத்தி, இறங்கக்கூட மாட்டான், கையை மட்டும் நீட்டி "அக்கா, நெஞ்சுக்கு ஒண்ணு"ம்பான். நேத்து விக்காம மிஞ்சுனதுல ஒண்ணை எடுத்துக் குடுப்பேன். எந்தப் பக்கம்னு அப்பல்லாம் யாரும் கேட்டதில்ல, நானும் பாத்ததில்ல.

முதல்ல கவனிச்சது வர்க்கிக்கார ரஃபீக். வண்டிக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் தகர டின்னைக் கட்டி, டின் நிறைய வர்க்கி பிஸ்கட்டை அடுக்கி, எஸ்டேட் எஸ்டேட்டாப் போய் டீக்கடைக்குக் குடுத்துட்டு வர்ற பையன். பையன் என்ன பையன், நாப்பது வயசு, எனக்குப் பையன். ஒருநாள் காலையில திரும்பி வர்றப்போ ஜெர்கினைத் திறந்து விட்டுக்கிட்டு, நெத்தியில வேர்வையோட வந்து நின்னான். ரோட்டோரம் குழாய்த் தண்ணி உறைஞ்சு தொங்குது, இவன் வேர்த்துப் போய் நிக்கிறான்.

"செலினக்கா, நீங்க குடுத்த பேப்பர்ல ஒரு ஆள் இருக்காரு" அப்படின்னான்.

"பேப்பர்னா ஆள் இல்லாம என்னடா இருக்கும்?"

"அதில்லக்கா. போற வழியெல்லாம் நெஞ்சுல கை வச்சுக்கிட்டே வந்தாரு."

வாங்கிப் பார்த்தேன். நினைவஞ்சலிப் பக்கம். பல்லடத்துக்காரர் ஒருத்தர், தறி வச்சிருந்தவராம், முழுக்கைச் சட்டையும் கண்ணாடியுமா நேராப் பாத்துக்கிட்டு இருக்காரு. பதினோராம் ஆண்டு நினைவஞ்சலி, தங்கள் நினைவில் வாடும் மனைவி, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். அந்தப் படம் இருக்கிற இடம் மட்டும் சுடுசோறு கட்டின இலை மாதிரி கதகதன்னு இருந்துச்சு. சரி, குளிருக்கு நல்லதுதானேன்னு மடிச்சு அவன்கிட்டயே குடுத்துட்டு, டீ குடிச்சுட்டுப் போடான்னேன். வேற என்ன சொல்றது?

மறுநாள் பாருங்க, வந்தவனெல்லாம் "அக்கா, நினைவஞ்சலி இருக்கா?"ன்னு நிக்கிறான். அரசியல் பக்கம் யாருக்கும் வேணாம், சினிமாப் பக்கம் வேணாம். காலமானவங்க படம் போட்ட பக்கத்துக்குத்தான் அடிதடி. ஒரு வாரத்துல அது ஊரோட வழக்கமாவே ஆயிடுச்சு. "இன்னைக்கு உனக்கு யாருடா?"ன்னு ஒருத்தன் கேப்பான், "அவிநாசி டீச்சரம்மா, ரொம்ப நல்லவங்க, ஸ்பீடாப் போனா மட்டும் கொஞ்சம் சூட்டைக் குறைச்சுக்கிறாங்க"ன்னு இன்னொருத்தன் சொல்லுவான். ஒரு லாரி ஓனர் நெஞ்சோட நிக்காம தோள்பட்டை வரைக்கும் சூடு குடுத்தாரு. வெள்ளக்கோவில்ல இருந்து ஒரு அம்மா, அவங்க படம் சின்னதா மங்கலா இருக்கும், முகமே சரியாத் தெரியாது, ஆனா அவங்களை வச்சுக்கிட்டுப் போனவன் வீட்டுக்குப் போயும் பேப்பரை எடுக்க மனசு வராம அப்படியே உக்காந்திருந்தானாம். சூடு வண்டி ஓடுறப்போதான் வரும், காத்து நெஞ்சுல மோதணும். கடையில சும்மா கிடந்தா அது வெறும் பேப்பர்.

கோயில் பூசாரி, பித்ருக்களை மடிச்சு சட்டைக்குள்ள சொருகுறது அபச்சாரம்னு ரெண்டு நாள் பேசுனாரு, மூணாம் நாள் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வந்து தன் மொபெட்டுக்கு ஒண்ணு கேட்டாரு. எங்க ஃபாதர் பூசையில, ஆன்மாக்கள் நமக்காக உழைக்குறப்போ நாமளும் அவங்களுக்காக ஒரு பரலோக மந்திரமாவது சொல்ல வேண்டாமான்னு கேட்டாரு, நியாயமாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் பேப்பரை வாங்குனதும் படத்தைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு உள்ள வைக்கிறது பழக்கமாச்சு. ரஃபீக் ஒருபடி மேல போயிட்டான். ஒரு ஞாயித்துக்கிழமை பல்லடம் வரைக்கும் வண்டியை விட்டு, விளம்பரத்துல இருந்த முகவரியைத் தேடி, ஒரு டின் வர்க்கியோட அந்தத் தறிக்காரர் வீட்டுல போய் நின்னுருக்கான். "உங்கப்பா எனக்குக் குளிருக்கு ரொம்ப ஒத்தாசையா இருக்காருங்க"ன்னு சொல்லியிருக்கான். வேற யாராவது இருந்தாத் துரத்தியிருப்பாங்க. அந்த மகள் அவனை உக்கார வச்சு, இலை போட்டு, பரிமாறிட்டுக் கேட்டாங்களாம், "அவருக்கு எப்பவுமே உள்ளங்கை சூடுங்க. இன்னும் அப்படியேதான் இருக்காருங்களா?" ஆமாங்கன்னு சொல்லிட்டு இவன் சோத்துல கையை வச்சுக்கிட்டே அழுதானாம், வெக்கங்கெட்டவன்.

எல்லாரும் ஒரே சூடு கிடையாது, அதையும் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். பெள்ளி மாஸ்டர், மேல் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார், ஒருநாள் அவசரத்துல பாக்காம ஒரு பக்கத்தை உருவிக்கிட்டுப் போயிட்டாரு. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. காலேஜ்ல படிச்ச பொண்ணு, அம்மா அப்பா குடுத்த விளம்பரம். ரெண்டாவது வளைவு தாண்டுறதுக்குள்ள மனுஷன் வண்டியைக் கீழ போட்டுட்டு ஜெர்கினைக் கிழிக்காத குறையாக் கழட்டிட்டாரு, நெஞ்சுல உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். ஆனா பேப்பரைத் தூக்கிப் போடல. பத்திரமா எடுத்துட்டு வந்து என் கடை மேஜை மேல வச்சு, "முதல் வருஷம் இவங்களை யாரும் தொடாதீங்க செலின், பாவம், இன்னும் ஆறல"ன்னாரு. அதுல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள போனவங்க பக்கத்தை நான் குடுக்கிறதே இல்ல. பத்து, பதினஞ்சு ஆனவங்க வண்டிக்குத் தோது. இருபத்தஞ்சுக்கு மேல போனா இளஞ்சூடு, வயசானவங்களுக்கும் புதுசா வண்டி பழகுறவங்களுக்கும் அதைக் குடுப்பேன்.

அப்புறம்தான் அந்த ஈரோட்டுக்காரர் கூத்து நடந்துச்சு. அப்பாவோட ஒன்பதாம் ஆண்டுக்கு ஒரு மகன் விளம்பரம் குடுத்திருக்காரு, எங்கயோ தப்பு நடந்து அப்பா படத்துக்குப் பதிலா மகனோட படமே அச்சாகி வந்துருச்சு. எங்களுக்கு என்ன தெரியும்? அன்னைக்கு அந்தப் பக்கத்தை வச்சுக்கிட்டுப் போனவனெல்லாம் நெஞ்சுல ஐஸ் கட்டியைக் கட்டிவிட்ட மாதிரி பல்லு அடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்தான். பேப்பர் வைக்காமப் போனாக்கூட அவ்வளவு குளிராது. மறுநாள் 'வருந்துகிறோம்'னு சின்னதா ஒரு திருத்தம் வந்தப்போதான் விஷயம் புரிஞ்சுது. உயிரோட இருக்கிறவன் முகத்தைப் போட்டா சூடு வராது, இருக்கிற சூட்டையும் உறிஞ்சிக்கும். அவனவன் சூடு அவனவனுக்கே வேணுமில்ல, உயிரோட இருக்கிறவன் அடுத்தவனுக்கு எங்க இருந்து குடுப்பான்?

எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தோம். வசுமதி மட்டும் சிரிக்கல. டீ கிளாஸைக் கையில பிடிச்சுக்கிட்டு, ஆறுனது தெரியாம அப்படியே நின்னா.

வசுமதி எஸ்டேட் டிஸ்பென்சரியில நர்ஸ். ஊசி போட்டா வலிக்காது, பேச்சும் ரொம்ப இருக்காது. தினமும் விடியக்காலையில புருஷனோட வண்டியைத் தானே ஓட்டிக்கிட்டு மலைக்கு அந்தப் பக்கம் போய், சாயந்திரம் திரும்புவா. புருஷன் நந்தகோபால். மூணு பனிக்காலத்துக்கு முந்தி ஒருநாள் வேலைக்குன்னு கிளம்புனவன், வ்யூ பாயிண்ட்டு வளைவுல வண்டியைச் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சாவியை வண்டியிலயே விட்டு, ஹெல்மெட்டைக் கண்ணாடியில மாட்டிட்டு, அப்புறம் என்ன ஆனான்னு தெரியல. பள்ளத்துல ஃபாரஸ்ட்டுக்காரங்க இறங்கித் தேடுனாங்க, போலீஸ் தேடுச்சு, எங்க ஊர்ப் பயலுகளும் கயிறு கட்டி இறங்குனாங்க. அன்னைக்கு மூடுபனி, முன்னால நிக்கிற ஆளே தெரியாது. ஒரு செருப்புக்கூடக் கிடைக்கல. கால் தவறி விழுந்துட்டான்னு பாதி ஊரு, யாரோடயோ பஸ் ஏறிட்டான்னு மீதி ஊரு. ரெண்டையும் அவ முகத்துக்கு நேரா யாரும் சொன்னதில்ல, முதுகுக்குப் பின்னாடி சொல்லாதவங்களும் இல்ல. நான் உள்பட.

அவளுக்கு மாமியார் ஒருத்தங்க, அமிர்தம்மா. தேயிலை பறிச்சுப் பறிச்சு விரலெல்லாம் கறுத்துப் போன மனுஷி. "என் புள்ள இருக்கான்" - இது ஒண்ணுதான் அவங்க பேச்சு. ராத்திரிச் சோத்துல மகனுக்குன்னு ஒரு பங்கு எடுத்து மூடி வைப்பாங்க. வெளியூர் கல்யாணத்துக்குப் போகமாட்டாங்க, ஆஸ்பத்திரியில ஒருநாள் படுக்கமாட்டாங்க. அவன் வந்து பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டான்னா? இந்தப் பேப்பர் சூடு வந்த வருஷம் வசுமதிக்குக் கீழ சத்தியமங்கலத்துல நல்ல ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சுது, குவார்ட்டர்ஸோட. தை முடியறதுக்குள்ள வந்து சேரணும்னு சொல்லிட்டாங்க. அமிர்தம்மா அசையல. மாமியாரைத் தனியா விட்டுட்டுப் போக இவளுக்கும் மனசு வரல. போகவும் முடியாம இருக்கவும் முடியாம அந்தப் பொண்ணு அந்தரத்துல நின்னா. புருஷன் இருக்கிறவளா, இல்லாதவளா? பொட்டு வைக்கிறப்போ ஒவ்வொரு நாளும் கை நின்னுடும் அக்கான்னு ஒருதடவை என்கிட்டச் சொன்னா.

ஈரோட்டுக்காரர் கூத்து நடந்த மறுநாள், கடையில ஆள் இல்லாத நேரமாப் பாத்து வந்தா. கையில ஒரு கவர்.

"அக்கா, ஒரு நினைவஞ்சலி குடுக்கணும்."

"யாருக்குடி?"

"அவருக்குத்தான்."

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? இருக்கானா இல்லையான்னே தெரியாது, அதுக்குள்ள..."

"அதைத் தெரிஞ்சுக்கத்தான்கா. சூடா இருந்தா இல்ல. ஜில்லுனு இருந்தா இருக்காரு."

அடி பாவி மகளே! அத்தைக்குத் தெரியுமான்னு கேட்டேன். தெரியும்னா. சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்தம்மாவே மூச்சு வாங்க வந்து நின்னாங்க. நான் என்னமோ தலைவிரிச்சு அழப்போறாங்கன்னு பாத்தா, நேரா என் மேஜையில கையை ஊன்றி, "போடு செலினு" அப்படின்னாங்க. "நல்லாப் பெருசாப் போடு. எம்புள்ள இருக்கான், ஐஸ் மாதிரி வரும் பாரு. அப்படி வந்துச்சுன்னா இவ எங்கயும் போகக்கூடாது. எங்கூட இருந்து அவன் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். என்ன சொல்றா, கேளு இவளை."

"சரிங்கத்தை" அப்படின்னா வசுமதி. "ஆனா சூடா இருந்துச்சுன்னா, வீட்டைப் பூட்டிட்டு என்கூடக் கிளம்பணும். உங்களை விட்டுட்டுப் போக மாட்டேன்."

"சூடா இருக்காது."

"இருந்தா?"

அந்தம்மா மேஜையில ஊன்றியிருந்த கையை எடுத்து முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டாங்க. அப்புறம், "வர்றேன்"னாங்க.

என் கடையில எத்தனையோ பேர் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் விளம்பரம் குடுத்திருக்காங்க, இப்படி ஒரு பந்தயத்துக்கு யாரும் குடுத்ததில்ல. மூணு வருஷம்னா சுட்டுப் பொசுக்கிடும், அஞ்சாம் ஆண்டுன்னு மாத்திப் போடட்டுமான்னு வசுமதிகிட்டக் கேட்டேன். "உள்ளதைப் போடுங்கக்கா, சுட்டாச் சுடட்டும்"னா. படத்தை அமிர்தம்மாவே எடுத்துக் குடுத்தாங்க, ஏதோ திருவிழாவுல தலையைச் சாய்ச்சு வாய்விட்டுச் சிரிக்கிற படம். தோற்றம்னு பொறந்த தேதியைப் போடச் சொன்னாங்க, மறைவுன்னு ஒரு எழுத்துகூட இருக்கக்கூடாதுன்னுட்டாங்க. கோயமுத்தூர்ல இருந்து விளம்பரக்காரத் தம்பி போன் பண்ணி, "மேடம், மறைவு தேதி விட்டுப்போச்சு"ன்னாரு. விட்டுப்போகலப்பா, அது எங்களுக்கே தெரியாதுன்னேன்.

படம் வர்ற அன்னைக்கு ஊரே எந்திரிச்சு வந்திருந்துச்சு. யாரும் இதுக்குத்தான் வந்தோம்னு சொல்லல. ஒருத்தன் பஸ்ஸுக்கு நிக்கிறேன்னான், ஒருத்தன் பாலுக்கு வந்தேன்னான், பூசாரி சும்மா நடக்க வந்தாராம், உறைபனியில. ரஃபீக் டின்னைக் கட்டிக்கிட்டே இருந்தான், கட்டி முடிக்கிற மாதிரி தெரியல. பேப்பர் கட்டு வந்து இறங்குச்சு, நான் கயிறை அறுத்து அந்தப் பக்கத்தை எடுத்தேன். நந்தகோபால் சிரிச்சுக்கிட்டு இருந்தான். அன்னைக்கு மட்டும் புதுப் பேப்பர், மை ஒட்டுனா ஒட்டட்டும்.

வசுமதி ஜிப்பைத் திறந்து நெஞ்சோட வச்சா. அப்போ அமிர்தம்மா, "எனக்கு ஒண்ணு குடு"ன்னாங்க. "நான் பெத்தவ, என் நெஞ்சுலயும் வைப்பேன். இவ வாயால சொல்லி நான் கேக்கணும்னு என்ன இருக்கு?"

அந்தம்மா அதுக்கு முந்தி வண்டியில ஏறுனதே கிடையாது. பெள்ளி மாஸ்டர் தன் ஜெர்கினைக் கழட்டிப் போட்டுவிட்டாரு, ரஃபீக் குரங்குக் குல்லாவைக் குடுத்தான், நானும் இன்னொருத்தியும் சேலையை ஒதுக்கிப் பிடிச்சு ஏத்திவிட்டோம். இன்னொரு பக்கத்தை நானே மடிச்சு அவங்க ஸ்வெட்டருக்கும் ஜெர்கினுக்கும் நடுவுல வச்சேன். வசுமதி கிக்கரை உதைச்சா. மகன் நிறுத்திட்டுப் போன வண்டியில, மருமக இடுப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, அந்தம்மா எஸ்டேட் ரோட்டுல இறங்கிப் போனாங்க. சதுப்புல இருந்து வெள்ளையா எந்திரிச்சு வந்த குளிர் ரெண்டு பேரையும் மூடிக்குச்சு, சத்தம் மட்டும் வளைவு வளைவா நாங்க கேட்டுக்கிட்டே நின்னோம்.

நான் என்ன வேண்டிக்கிட்டேன்னு கேக்காதீங்க. எதை வேண்டுறது? சூடா இருக்கட்டும்னா ஒரு உசுரு போகணும், ஜில்லுனு இருக்கட்டும்னா இந்தப் பொண்ணு காலம் பூரா அந்த வாசல்ல கிடக்கணும். சேசுவே நீயே பாத்துக்கோன்னு விட்டுட்டேன்.

திரும்பி வந்து நின்னப்போ வசுமதி உதடு நீலம் பாஞ்சிருந்துச்சு. பல்லு அடிச்சுக்குது, பிடியில இருந்து கையை எடுக்க முடியல, ரஃபீக்தான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு விட்டான். அமிர்தம்மா கீழ இறங்கி நடுங்கி நடுங்கிச் சிரிச்சாங்க.

"இருக்கான்யா! எம்புள்ள இருக்கான்! ஐஸ்யா, ஐஸு! சொன்னேன்ல நான்!"

ஊரே கத்துச்சு. பஸ் டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு, ரஃபீக் டின்னைத் திறந்து வர்க்கியை வாரி வாரிக் குடுத்தான், பூசாரி யார் யாரையோ கட்டிப் பிடிச்சாரு. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லல. நந்தகோபால் நல்ல பையன், எனக்குச் சில்லறை மாத்திக் குடுப்பான். அமிர்தம்மா கையில சூடா ஒரு டீயைக் குடுத்தேன், பாதி சேலையில சிந்துச்சு.

வசுமதி வண்டிப் பக்கத்துலயே நின்னா. சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல. அந்தம்மா டீயை வச்சுட்டுப் போய் அவ ரெண்டு கையையும் எடுத்துத் தேய்ச்சு, வாயால ஊதிவிட்டாங்க. "ஏன் புள்ள இப்படி நிக்கிற? இருக்கான்ல?"

"இருக்காருங்கத்தை" அப்படின்னா. "ஆஸ்பத்திரிக்கு வரலைன்னு இன்னைக்கே சொல்லிடறேன். பேசுனபடி நான் எங்கயும் போகல."

தேய்ச்சுக்கிட்டு இருந்த கை நின்னுபோச்சு.

அந்தம்மா மருமக முகத்தைப் பாத்தாங்க. அந்த நீல உதட்டைப் பாத்தாங்க, வெடிச்சுப்போன கன்னத்தைப் பாத்தாங்க. அப்புறம் ஜெர்கினுக்குள்ள கையை விட்டு அந்தப் பக்கத்தை உருவி எடுத்து, விரிச்சு, மகனைப் பாத்தாங்க. ஊர்ச் சத்தம் ஒவ்வொண்ணா அடங்குச்சு, ஹாரன் நின்னுது.

"இருக்கியாடா?" அப்படின்னு கேட்டாங்க, எதிர்ல ஆள் நிக்கிற மாதிரி. "கை கால் நல்லா இருக்கா? சாப்பிடுறியா, தூங்குறியா? செத்துட்டியோ செத்துட்டியோன்னு ராத்திரி பூரா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுக் கிடந்தேனேடா. உனக்கு எடுத்து வச்ச சோத்தை மறுநாள் பழசா நான்தான்டா தின்னேன். இருந்துக்கிட்டேவா நீ வரல?"

பேப்பர்ல அவன் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தான்.

"நெடுமட்டத்துக்கு பஸ் இல்லையா? போனு இல்லையா? இந்தப் பொண்ணு உன் வண்டியை ஓட்டிக்கிட்டு, உன் அம்மாளுக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டு, இந்தக் குளிர்ல போய் வந்து போய் வந்து... இவ என்னடா பாவம் பண்ணுனா உனக்கு?" பேப்பரை நாலா மடிச்சு என்கிட்ட நீட்டுனாங்க. "இதைப் பழைய பேப்பரோட போடு செலினு."

அப்புறம் மருமக பக்கம் திரும்புனாங்க. "நீ கிளம்பு. நானும் வர்றேன். வீட்டைப் பூட்டிடலாம்."

"அத்தை, நான் தோத்துட்டேன்ல? இருக்காருன்னா காத்திருக்கணும்னுதானே பேசுனோம்."

"வர முடியாம எங்கயோ கிடக்கிறான்னு நெனச்சு அந்தப் பேச்சைப் பேசுனேன்டி. வராம இருக்கிறவனுக்கு நான் எதுக்குக் காத்திருக்கணும், நீ எதுக்குக் காத்திருக்கணும்?" சொல்லிட்டு, கையை நீட்டுனாங்க. "அவன் கட்டுனதைக் கழட்டி என்கிட்டக் குடு. செத்துட்டான்னு கேக்கல, நல்லாத்தான் இருக்கான், இருக்கட்டும். பெத்தவ நான் கேக்குறேன், எங்க வீட்டுப் பொருளை எங்கிட்டயே குடுத்துடு. பொட்டும் பூவும் உன்னோடது. அதுல எவனாவது கை வச்சா என்கிட்ட வரச்சொல்லு."

அப்போதான் வசுமதி அழுதா. மூணு வருஷத்து அழுகையும் ஒண்ணா வந்துச்சு, அந்தம்மா தோள்ல முகத்தை வச்சுக்கிட்டு, ஜெர்கின் நனையற வரைக்கும் அழுதா. கழுத்துல இருந்ததை அமிர்தம்மாவே கழட்டி முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. நாங்க எல்லாரும் வேற எங்கயோ பாத்துக்கிட்டு நின்னோம், பெள்ளி மாஸ்டர் ஜெர்கின் இல்லாம அந்தக் குளிர்ல நின்னவரு திரும்பக் கேக்கவே இல்ல.

தை முடியறதுக்குள்ள ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க. பாத்திரம் பண்டமெல்லாம் காய்கறி லாரியில போச்சு, இவங்க ரெண்டு பேரும் வண்டியில. பஸ்ஸுல போங்களேன் அமிர்தம்மான்னு சொன்னேன், "போ செலினு, பஸ்ஸுல வாந்தி வருது, இதுதான் சொகமா இருக்கு"ன்னுட்டாங்க. ஒருதடவை ஏறுனதும் ருசி கண்டுட்டாங்க. நெஞ்சுக்குன்னு நல்லதாப் பாத்து ஒரு பதினஞ்சாம் ஆண்டை வசுமதிக்குக் குடுத்தேன், கும்பிட்டு வாங்கி வச்சுக்கிட்டா. அந்தம்மாவுக்கும் ஒண்ணு நீட்டுனேன். வேணாம், இவ முதுகு இருக்குல்லன்னு சொல்லிட்டு, மருமகளை இறுக்கிக் கட்டிக்கிட்டு உக்காந்தாங்க.

எனக்கு மனசு கேக்கல. கிளம்புற நேரத்துல கேக்கக்கூடாதுதான், ஆனா நாக்கு சும்மா இருக்குமா? "அமிர்தம்மா, நாளைக்கே அவன் வந்து நின்னா என்ன சொல்லட்டும்?"

வசுமதி திரும்பல. அந்தம்மா குரங்குக் குல்லாவைக் காதுக்கு மேல தூக்கி விட்டுக்கிட்டு கொஞ்சம் யோசிச்சாங்க.

"காணவில்லைன்னு எங்க படத்தைப் போட்டு பேப்பர்ல விளம்பரம் குடுக்கச் சொல்லு" அப்படின்னாங்க. "விளம்பரம் வந்தாப் பாத்துக்கிறோம்."

வசுமதி சிரிச்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அப்புறம் வண்டியை எடுத்துட்டா.